விலை போகாத முத்திரைகள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற முத்திரைக் கண்காட்சியைத் திறந்துவைத்து ஆற்றிய உரை)



மேடையில் நிற்பது ஒருத்திதான். ஆனாலும் 'நாங்கள்' என்றுதான் பேசப்போகிறோம். அந்த மேசையில் இருக்கும் பிஸ்கற் ரின்னில் உள்ளவை ஒருத்தி சேர்த்தவை அல்ல. 1991இல் ஆறாம் ஆண்டில் ஒரே வாங்கில் இருந்த நான்கு பேர் சேர்த்தவை. ஒருத்தி இப்போது ரொறன்ரோவில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி இங்கே வைத்தியசாலையில். நான்காமவளைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

கண்காட்சிக்கு ஆயத்தம் செய்தபோது, முத்திரை வியாபாரம் தெரிந்த ஒருவரிடம் இந்த ரின்னைக் காட்டினோம். அரை மணித்தியாலம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு நல்ல அல்பத்தின் விலை தேறாது, டொக்டர்" என்றார் மிகவும் பணிவாக. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அதில் ஒரு முத்திரையைக்கூட நாங்கள் காசு கொடுத்து வாங்கியதில்லை.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து, துளி மண்ணெண்ணெயில் எரியும் விளக்கில்தான் படிப்பு. வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தியோ உயிரோடு இருக்கிறார்களா, வேலை கிடைத்ததா, குழந்தை பிறந்ததா என்பதெல்லாம் கடிதத்தில்தான் வரும். அதுவும் மாதக்கணக்கில் தாமதித்து வரும். சில கடிதங்கள் கொழும்பு வரை தபாலிலும் அங்கிருந்து யாரோ ஒரு பயணியின் பையிலும் வரும். கடிதத்தை வீட்டில் எல்லோரும் வாசித்து, அயலவரும் வாசித்து, அம்மா இன்னொரு தடவை தனியே வாசித்து முடித்த பிறகு உறை எங்களுக்கு.

எங்கள் புவியியல் ரீச்சர்தான் முத்திரைக் கழகத்தை நடத்தினார். அவர் போட்ட முதல் சட்டம், முத்திரையை உறையிலிருந்து உரிக்கக் கூடாது என்பது. சுற்றிவரத் தாள் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் மேலே இருக்கும்படி மிதக்க விட வேண்டும். கடும் நிற உறைகளை வேறு கோப்பையில் போட வேண்டும், இல்லையென்றால் சாயம் இறங்கிவிடும். பசை கரைந்ததும் முத்திரை தானாக வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கையால் தொடாமல் சாவணத்தால் எடுத்து, ஒற்றுத்தாளில் குப்புறப் போட்டு, காய்ந்ததும் அகராதிக்குள் வைத்து அமர்த்த வேண்டும். (சாவணம் பிடிக்கப் பழகியது அங்கேதான். மருத்துவ பீடத்தில் அதற்காக எங்களுக்கு யாரும் புள்ளி தரவில்லை.) அல்பத்தில் ஒட்டும் துண்டுகள் கடையில் இல்லை. தபாற்கந்தோர் ஐயா, முத்திரைத் தாளின் ஓரத்தில் பசையோடு மிஞ்சும் வெள்ளைக் கீற்றுகளை எங்களுக்கென்று எடுத்து வைத்திருப்பார்.

இரண்டாவது சட்டம்தான் முக்கியமானது. தபாற்குறி தெளிவாக விழுந்திருந்தால் முத்திரையைக் கழுவவே கூடாது, உறையின் துண்டோடு அப்படியே வைக்க வேண்டும். ஊரும் திகதியும் இல்லாத முத்திரை வெறும் படம் என்பார் ரீச்சர். எங்களுக்கு அது அப்போது பிடிக்கவில்லை. கறுப்பு மை விழுந்த முத்திரை அசிங்கமாக இருக்கிறதென்று முணுமுணுப்போம்.

நாடுகளைக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு. சுவிஸ் மாமாவின் கடிதத்தில் 'ஹெல்வெற்றியா' என்று இருக்கும், தேசப்படத்தில் அப்படி ஒரு நாடு இராது. நோர்வே முத்திரையில் 'நொர்கே' என்ற சொல்லும் ஒரு தபாற்கொம்பும் இருக்கும். அந்தக் கொம்புச் சின்னம் 1872இலிருந்து இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. பெயரே இல்லாமல் ஒரு ராணியின் தலை மட்டும் இருந்தால் அது பிரித்தானியா. 1840இல் முத்திரையை முதலில் வெளியிட்டவர்கள் என்பதால் நாட்டின் பெயரைப் போடாமல் விடும் சலுகை அவர்களுக்கு. எங்கள் முத்திரையிலும் ஒரு புதினம் உண்டு. 1972இல் நாடு குடியரசானபோது ஆங்கிலத்தில் 'சிலோன்' போய் 'சிறீலங்கா' வந்தது. தமிழில் முன்பும் 'இலங்கை', பின்பும் 'இலங்கை'. பழைய உறைகளை அடுக்கி வைத்துப் பார்த்து இதை நாங்களே கண்டுபிடித்தோம் என்பதில் அந்த வயதில் எங்களுக்குப் பெரிய பெருமை.

ஒரு முத்திரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. ஜேர்மனியிலிருந்து வந்த கடிதங்களில் பெண்களின் முகங்கள் வரும். 'ஜேர்மன் வரலாற்றில் பெண்கள்' என்று 1986இல் தொடங்கிய தொடர் அது. பணக்கட்டுக்குப் பயன்படும் சாதாரண முத்திரைகள்தான், கோடிக்கணக்கில் அச்சானவை, எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்காதவை. அதில் 60 பெனிக் முத்திரையில் தொப்பி அணிந்த ஒரு பெண். டொரொத்தேயா எர்க்ஸ்லேபன். யார் இவர் என்று கேட்டு எழுதினோம். பல மாதம் கழித்துச் சித்தி பதில் போட்டிருந்தார். தகப்பனிடம் வீட்டிலேயே மருத்துவம் படித்தவர், பெண்களைப் படிக்க விடாமல் தடுக்கும் காரணங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதியவர், குழந்தைகள் நிறைந்த குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே 1754இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர், ஜேர்மனியில் அப்படிப் பட்டம் பெற்ற முதற் பெண் என்று. ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குப் பொதுவாகத் திறக்க அதன் பின்பும் ஒன்றரை நூற்றாண்டு அளவில் ஆனது. அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுத்தான் எங்களில் ஒருத்தி மருத்துவம் படித்தாள் என்று சொன்னால் அது கதையாகிவிடும். உயர்தரத்தில் உயிரியல் நன்றாக வந்தது, அவ்வளவுதான். ஆனால் முகத்தையும் பெயரையும் மறக்கவில்லை. அந்த முத்திரை மூன்றாவது பலகையில் இருக்கிறது.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட இரவைப் பற்றி இங்கே இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி அடியாக நகர்ந்த சனம். நான்கு வீட்டில் நான்கு சேகரிப்பு இருந்தது. இரண்டு உடுப்புப் பைக்குள் வந்தன, இரண்டு வீட்டில் நின்றன. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அந்த வீடுகளில் கதவும் இல்லை, யன்னலும் இல்லை, சுவர் மணிக்கூடும் இல்லை. அல்பங்கள் மட்டும் நிலத்தில் கிடந்தன. யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கூரை ஒழுக்கில் நனைந்து முத்திரைகள் எல்லாம் தாளிலிருந்து கழன்று போயிருந்தன. மழை எங்கள் வேலையைச் செய்துவைத்திருந்தது. ஒற்றுத்தாள் இல்லை, பழைய 'உதயன்' தாள்களில் பரப்பிக் காயவைத்தோம். பூஞ்சணம் பிடித்தவை போக மிச்சம் இந்த ரின்னுக்கு வந்தது.

விலையுயர்ந்த சேகரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். 1873இல் பிரித்தானிய கயானாவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டுப் பழைய கடிதங்களுக்குள் ஒரு சதச் செந்நீல முத்திரை ஒன்றைக் கண்டெடுத்து ஆறு சிலிங்குக்கு விற்றான். உலகில் அது ஒன்றுதான் இருக்கிறது. 2021இல் அது எண்பது இலட்சம் டொலருக்கு மேல் விலை போனது. இந்தக் கதை எல்லோருக்கும் பிடிக்கும். யாருக்கும் பிடிக்காத கதை, முதல் முத்திரையான 'பென்னி பிளாக்' ஆறு கோடிக்கு மேல் அச்சானது, பழையது என்பதால் மட்டும் ஒன்று அரிதாகிவிடாது என்பது.

ரொறன்ரோத் தோழியின் மகன் முத்திரையைத் தொடமாட்டான். பேஸ்போல் ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டைகள்தான் அவனுக்கு உயிர். முன்பக்கம் ஆள், பின்பக்கம் ஆண்டு ஆண்டாக அவர் அடித்த ஓட்டக் கணக்கு. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் பெரியவர்கள் இந்த அட்டைகளைப் பிள்ளைகளின் பல்கலைக்கழகச் செலவுக்கென்று பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமலே அடுக்கி வைத்தார்களாம். நிறுவனங்களும் சளைக்காமல் அச்சடித்தன. இன்று அவற்றை வாங்க ஆளில்லை. அவனுக்கு அதுதான் கொண்டாட்டம். ரொறன்ரோ புளூ ஜேஸ் 1992இலும் 1993இலும் உலகத் தொடரை வென்றது, அந்த அணியின் அட்டைகள் பழைய சாமான் சந்தையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன. பணத்துக்காக வைத்திருந்தவர்களுக்கு அது நட்டம், அவனுக்கு ஒரு சனிக்கிழமை. தாயும் மகனும் ஒரே மேசையில் இருந்து அவள் முத்திரையும் அவன் அட்டையும் அடுக்குவதாக எழுதியிருந்தாள். மூன்று மாதம் அவனுக்குச் சாவணம் பிடிக்கக் கற்பித்துத் தோற்றுவிட்டாளாம்.

இந்தக் கண்காட்சிக்காக ரின்னில் உள்ளதை நாடு வாரியாக அடுக்கியிருந்தோம். பிறகு யோசித்து, எல்லாவற்றையும் கலைத்து, தபாற்குறியின் ஆண்டு வாரியாக அடுக்கினோம். முதற் பலகையைப் பாருங்கள். அம்மம்மா வீட்டுப் பெட்டிகளில் இருந்து எடுத்த எழுபதுகளின் உறைகள். லண்டன், சாம்பியா, நைஜீரியா. படிப்பிக்கவும் படிக்கவும் போனவர்கள். பிறகு குவைத், சவூதி. 1983க்குப் பின் ஒரே தடவையில் மேற்கு ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, கனடா. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள், பெரிய நகரங்கள் மட்டுமல்ல, தேசப்படத்தில் தேடவேண்டிய சின்னச் சின்ன இடங்கள். அகதி முகாம் எங்கே கொடுத்தார்களோ அங்கே. எங்கள் ஊர் எப்படி, எந்த ஆண்டு, எங்கெங்கே போனது என்பது இந்தப் பலகைகளில் இருக்கிறது. ரீச்சர் ஏன் மையைக் கழுவ விடவில்லை என்பது எங்களுக்கு நாற்பது வயது தாண்டித்தான் முழுதாக விளங்கியது.

கடைசிப் பலகையின் வலது மூலையில் ஒரே ஒரு உள்நாட்டு உறை. மிகச் சாதாரண முத்திரை. குறி கிளிநொச்சி, 2006 யூலை. எங்களில் நான்காமவள் அங்கே ஆசிரியையாக இருந்தாள். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு முத்திரைக் கழகம் தொடங்கியிருப்பதாகவும், இரட்டைப் பிரதிகள் இருந்தால் அனுப்பும்படியும் எழுதியிருந்தாள். ஒரு பொதி கட்டினோம். ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. பொதி போகவில்லை. 2009க்குப் பிறகு விசாரித்த இடமெல்லாம் விசாரித்தோம். அந்தப் பொதியைப் பிரிக்காமல் உறைக்குக் கீழே வைத்திருக்கிறோம். பிள்ளைகள் அதைத் தொடவேண்டாம், பாருங்கள்.

இனி வருங்காலம். இப்போது வெளிநாடுகளில் பல முத்திரைகள் தாமாக ஒட்டும் வகை. தண்ணீரில் போட்டாலும் கழறாது, தாளோடு வெட்டித்தான் வைக்க வேண்டும். பிரித்தானியாவில் 2023இலிருந்து சாதாரண முத்திரைகளுக்கும் பக்கத்தில் பார்கோட் வேண்டும். எங்கள் நாட்டில் 2022இல் சாதாரண கடிதக் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவானது. கடிதம் எழுதுகிறவர்களும் இல்லை. வட்ஸ்அப்பில் பேரப்பிள்ளை முகம் நாளுக்கு நாலு தடவை தெரிகிறது, அதைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. 1993இல் அது இருந்திருந்தால் எங்கள் அம்மாமார் எத்தனையோ இரவு நித்திரை கொண்டிருப்பார்கள்.

ஆனால் கழகத்தை மூடிவிடலாமா என்று சங்கக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. அங்கத்தவர் ஆறு பேர்தான், அலுமாரிக்கும் இடம் வேண்டும் என்றார்கள். ஆறு பேர் போதும். நாங்கள் நாலு பேர். கண் பார்வைக்கும் கை நிதானத்துக்கும் இதைவிட மலிவான பயிற்சி எங்களுக்குத் தெரியாது. ஓய்வு பெற்று வந்து "பொழுது போகுதில்லை, டொக்டர்" என்று சொல்லும் ஆசிரியமாருக்கும் நாங்கள் மருந்தோடு சேர்த்து இதைத்தான் சொல்கிறோம். இருவர் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே மலரை வெளிநாட்டில் இருந்து வாசிக்கும் அக்காமாரிடமும் தங்கைமாரிடமும் ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டு ஆண்டுக்குள் ஆளுக்கு ஒரு கடிதம் கல்லூரி முத்திரைக் கழகத்துக்கு எழுதுங்கள். நீங்கள் இருக்கும் ஊரைப் பற்றி இரண்டு வரி போதும். விலை கூடிய நினைவு முத்திரை வேண்டாம், கந்தோரில் அன்று என்ன இருக்கிறதோ அதை ஒட்டுங்கள். இயந்திரத்தில் அச்சடித்த சீட்டு வேண்டாம். குறியைக் கையால் தெளிவாகக் குத்தித் தரும்படி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். உங்கள் வகுப்பு ஆண்டை உறையின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள், அடுக்குவதற்கு வசதி.

பிள்ளைகளே, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, பழைய ஆய்வுகூடம். சாவணம் நாங்கள் கொண்டுவருகிறோம். கோப்பையும் பழைய பேப்பரும் நீங்கள் கொண்டுவாருங்கள்.