கண்புரையும் ஊசி முனையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து, இந்நகரத்திலேயே கண்புரை அறுவை செய்விக்கும் குடும்பங்கள் நம் காலனியில் பல. அறுவையைப் பற்றி எல்லோரும் விசாரிக்கின்றனர். அதற்கு முன் கண்ணை மரத்துப்போகச் செய்ய இடும் ஊசியைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. அவ்வூசியைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

1884-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து இளம் மருத்துவர் கார்ல் கோலர், கொக்கெய்ன் கரைசலைச் சொட்டாக விட்டால் கண் மரத்துப்போகும் என்று நிறுவினார். அதே ஆண்டில் ஹெர்மன் நாப் என்பார் அம்மருந்தை ஊசி வழியே விழியின் பின்புறம் செலுத்தினார். பின்னர் மருந்துகள் மாறின, ஊசி நிலைத்தது.

இவ்வூசியால் பல்லாயிரவர் நலமே பெற்றனர். ஆயினும், அதன் முனை செல்லும் வழி மருத்துவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அரிதாக அது விழிச் சுவரைத் துளைத்துவிடுவதுண்டு. அப்போது உள்ளே குருதி கசியலாம். விழித்திரை கிழிந்து பிரியலாம். பார்வை நரம்போ விழித்தசையோ காயமுறுவதும் உண்டு.

யாருக்கு இந்த அபாயம் அதிகம்? விழியின் நீளம் சாதாரணமாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். கிட்டப்பார்வை மிகுந்தோருக்கு அது 26 மில்லிமீட்டரையும் கடக்கும். சுவரும் மெலிந்து, சிலருக்குப் பின்புறம் பிதுங்கியும் இருக்கும். லேசர் சிகிச்சையால் கண்ணாடியை விட்டொழித்தவர்க்கும் விழியின் நீளம் குறைவதில்லை. ஆகவே, இளமை முதல் தடித்த மைனஸ் கண்ணாடி அணிந்தவர் அதனை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லுதல் வேண்டும். உள்ளே பொருத்தும் லென்ஸைத் தேர்ந்தெடுக்க எடுக்கும் அளவிலேயே விழியின் நீளமும் தெரிந்துவிடும்.

இன்று வேறு வழிகளும் உள்ளன. பலருக்குச் சொட்டு மருந்தே போதும். சிலருக்குக் கூர்முனையற்ற வளைந்த குழாயால் விழியைச் சுற்றி மருந்தைச் செலுத்துவர். முற்றிய புரை உடையவர்க்கும், அசையாமல் படுத்திருக்க இயலாதவர்க்கும் சொட்டு மருந்து போதாமற் போகலாம். எது தகும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார்; அதைக் கேட்டறிவது நம் உரிமை.

இனி, நம்மவர்க்கே உரிய ஓர் இடர் உண்டு; அது மொழி. முற்காலத்தில் ஊசியிடும்போது மேல்நோக்கி உட்புறமாகப் பார்க்கச் சொல்வர். அவ்வாறு பார்த்தால் பார்வை நரம்பு ஊசியின் வழிக்கு அருகே வருகிறது என்று பின்னர் அறிந்து, இக்காலத்தில் நேரே பார்க்கச் சொல்கின்றனர். “நேரே பாருங்கள், அசையாதீர்கள்” என்று இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொன்னால் நம் பாட்டிக்கு விளங்குமா? இருமல் வந்தால் எவ்வாறு தெரிவிப்பார்? ஆகவே, அங்கே சொல்லப்போவதை முதல் நாளே தமிழில் சொல்லிப் பழக்குங்கள். இருமல், காது மந்தம், குருதி உறையாதிருக்க உண்ணும் மருந்து ஆகியவற்றையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அம்மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

அறுவைக்குப் பின் கடும் வலியோ, மின்னலோ, கரும்புள்ளிகளோ, திரை விழுவது போன்ற மறைப்போ தோன்றினால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைக. விழித்திரைக் காயத்தைக் காலத்தே கண்டால் பார்வையைக் காக்க வழியுண்டு.

அச்சத்தால் அறுவையைத் தள்ளிப்போடுதல் நன்றன்று. கேளாமல் செல்லுதலும் நன்றன்று. நம் முதியோர் பேரக்குழந்தைகளின் முகத்தைத் தெளிவாகக் கண்டு மகிழ்வாராக!