காணாத கடவுளும் கண்முன் நிற்கும் சகோதரனும்



கடவுளை நேசிக்கிறேன் என்று சொல்வது எளிது. கடவுள் நம்மோடு வேலிச் சண்டைக்கு வருவதில்லை. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பதில்லை. கலியாணத்துக்குச் சொல்லவில்லை என்று மனத்தாங்கல் கொள்வதுமில்லை. இவற்றையெல்லாம் செய்கிறவன் நமக்குப் பக்கத்தில் நின்று அதே கடவுளை வணங்குகிற சகோதரன். அவனை நேசிப்பதுதான் கடினம்.

எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் அண்ணன் தம்பி இருவர் இருந்தனர். எல்லைக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதில் தொடங்கிய பகை. இருவரும் பேசிப் பல ஆண்டுகளாகிவிட்டன. ஞாயிறு தவறாமல் இருவரும் கோவிலுக்கு வருவார்கள். ஒருவர் வலப்பக்கத்து வாங்கில், மற்றவர் இடப்பக்கத்து வாங்கில். ஒரே பீடத்தில் நற்கருணை பெற்று வெவ்வேறு வாசலால் வெளியேறுவார்கள். இருவருமே பக்திமான்கள் என்றுதான் ஊர் சொல்லும். ஊரின் கணிப்புச் சரிதானா?

புதிய ஏற்பாட்டிலே யோவானின் பெயரால் வழங்கும் முதலாம் நிருபம் இந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவின்றி விடை தருகிறது. ஐந்தே அதிகாரங்கள் கொண்ட சிறிய நிருபம் அது. தங்களுக்குள்ளே பிளவு கண்டு, சிலர் பிரிந்து போய்விட்ட ஒரு சபைக்கு எழுதப்பட்டது. கண்ணுக்குத் தெரிகிற சகோதரனை வெறுத்துக்கொண்டே, கண்ணுக்குத் தெரியாத கடவுளை நேசிப்பதாகச் சொல்கிறவனை அது பொய்யன் என்றே அழைக்கிறது. பலவீனன் என்றோ அறியாதவன் என்றோ சலுகை காட்டவில்லை. தேவ அன்புக்கு வேறு அளவுகோல் அங்கே இல்லை.

இதற்கு உரை எழுதிய அறிஞர் பலர். தம் வாழ்க்கையையே உரையாக்கிய ஒருவர் நமது நாட்டிலே நடமாடியிருக்கிறார். அவர்தாம் கோவாவிலே 1651ஆம் ஆண்டு பிறந்த யோசேவாஸ் அடிகளார்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்கிருந்த கத்தோலிக்கர் மேய்ப்பர் இல்லாமல் வாழ்ந்தனர். அவர்களில் எவரையும் அடிகளார் முன்பின் கண்டதில்லை. அவர்கள் மொழியும் அவருக்கு அந்நியம். ஆயினும், தம்மோடு ஒரே விசுவாசத்தைப் பகிர்ந்துகொண்ட மக்கள் அநாதைகளாய்க் கிடக்கிறார்கள் என்ற செய்தி அவரை உறங்கவிடவில்லை. 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கடும் வயிற்றோட்டத்தால் நலிந்தார். தேறியபின் கழுத்திலே செபமாலை தெரிய வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களை வைத்துத் தம்மவரை இனங்கண்டார். சில்லாலை அவருக்குப் புகலிடம் தந்தது. தமிழும் சிங்களமும் கற்றார். கடவுளுக்காகச் செய்த பயணம் அது; ஆனால் போய்ச் சேர்ந்த இடமோ மனிதரின் குடிசைகள்.

இந்த வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய பக்கமும் உண்டு. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடிய கத்தோலிக்கரை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். பிடித்தவர்களும் கிறிஸ்தவர், பிடிபட்டவர்களும் கிறிஸ்தவர். யோவானின் அதே நிருபம் இரு சாராரின் வேதாகமத்திலும் இருந்தது. கடவுளின் பெயரால் சகோதரனைத் துன்புறுத்துகிறவன் தன்னைப் பக்தன் என்றே எண்ணிக்கொள்கிறான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழலாம். தன் சமயத்தவனை நேசி என்பது குறுகிய போதனையல்லவா? தன் கூட்டத்துக்குள்ளே கதவைச் சாத்திக்கொள்வதல்லவா?

இதற்கும் அடிகளாரின் வாழ்க்கையே விடை சொல்கிறது. 1692இல் கண்டி இராச்சியத்துக்குச் சென்றவர் ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். பின்னர், 1697இல் கண்டியிலே வைசூரி பரவியது. உற்றாரே நோயாளரைக் கைவிட்டு ஓடிய வேளையில் அவர் அவர்களைத் தேடிச் சென்றார். உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். நோயாளி எந்தச் சமயத்தவன் என்று அவர் பார்க்கவில்லை. சகோதரனிடத்தில் பழகிய அன்பு அந்நியனிடத்திலும் தடுமாறவில்லை. அருகில் இருப்பவனிடம் பயிலாத அன்பைத் தூரத்தில் இருப்பவனுக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? 1711இல் கண்டியிலே மறைந்த அவரை, 2015ஆம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

நம்மிடம் யாரும் கடல் கடந்து வரும்படி கேட்கவில்லை. காணிக்கையோடு பீடத்துக்கு வரும்போது சகோதரனுக்கு நம்மேல் மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்பது இயேசுவின் மலைப்பொழிவு தரும் கட்டளை. அந்தக் கிராமத்து அண்ணன் தம்பிக்கு அந்தத் தூரம் ஒரு சாண் நிலந்தான். அதைக் கடக்க ஒருவரும் முந்தவில்லை. மூத்தவர் ஒருநாள் கண்ணை மூடிவிட்டார். செத்தவீட்டில் தம்பி அழுத அழுகையை நான் கேட்டேன். அவர் அண்ணனிடம் சொல்ல வேண்டியிருந்தவற்றையெல்லாம் அன்றைக்குத்தான் சொன்னார்.

நேயர்களே, கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே சொல்லிவிடுவோம்.