பென் பேரஸும் அவருடைய 'சகோதரி'யும்

ஆய்வுகூடத்தில இருந்து நேரா வாறன், சுருக்கமாகச் சொல்லுறன்.

பென் பேரஸ் அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி. பெண்பிள்ளையாக வளர்க்கப்பட்டவர். எம்ஐடியில் படிக்கேக்க, பெடியள் நிறைந்த வகுப்பில் வேறு ஒருத்தரும் செய்யாத கடினமான கணக்கைச் செய்தார். காதலன்தான் செய்து தந்திருப்பான் எண்டார் பேராசிரியர். 1997இல், 43 வயதில், ஆணாக மாறினார். பிறகு அவருடைய உரையைக் கேட்ட ஒருவர், சகோதரியின்ர ஆய்வைவிட இவருடையது எவ்வளவோ மேல் எண்டாராம். அந்தச் 'சகோதரி'யும் இவர்தான்! (தமிழில 'அவர்' எண்டால் இரண்டு பேருக்கும் பொருந்தும்.)

அவர் ஆராய்ந்ததும் பலர் கணக்கெடுக்காத கிளியா கலங்களை. பெயரின் பொருளே பசை. அந்தக் கலங்கள் இல்லாமல் நரம்புக்கலங்களுக்கிடையே இணைப்புகள் ஒழுங்கா உருவாகாது எண்டு அவருடைய ஸ்டான்போர்ட் ஆய்வுகூடம் காட்டியது.

எனக்கு முக்கியம் அடுத்த கதை. 2004இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 'பயனியர்' விருதை 9 பேருக்குக் கொடுத்தது. 9 பேரும் ஆண்கள். நடுவர்கள் 64 பேரில் 60 பேர் ஆண்கள். தெரிவுமுறையை மாற்றச் சொல்லி பேரஸும் வேறு பலரும் நெருக்கினார்கள். அடுத்த வருஷம் பெண் நடுவர்கள் கூடினார்கள். 13 விருதில் 6 பெண்களுக்குப் போனது. ஒரு வருஷத்தில பெண்களின்ர மூளையா மாறினது?

எங்கட துறையில் 'பன்முகத்தன்மை' சுவரொட்டிக்குக் குறைவில்லை. உதவித்தொகைத் தெரிவுக்குழுவில் யார் இருக்கினம் எண்டு கேட்டு மூன்று மாதம், பதில் இல்லை. வாற வியாழன் மாணவர் சங்கக் கூட்டத்தில திரும்பக் கேக்கப்போறம். வரக்கூடிய ஆக்கள் வாங்கோ.