பழுதறியும் கல்வி: கணிப்பொறியின் சீரியல் வாயிலை முன்வைத்து

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுதல் மரபு. ஆனால் அப்பெருமையை இவ்வவையினர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதனை விலை கொடுத்து அறிந்தவர்கள் நீங்கள். ஆதலின் கல்வியின் ஒரு சிறு கூற்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். நின்றுபோன ஒரு பொறியின் முன் நின்று, பழுது எங்கே உள்ளது எனக் காணும் அறிவே அது. கணிப்பொறியை இயக்குவோர் பலர். அது நின்றபோது காரணம் சொல்வோர் சிலர். கூலியும் மதிப்பும் வேறுபடும் இடம் அதுவே.

யாம் பொறியியல் கற்றவர் அல்லோம். கலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றுப் பள்ளிப் பணி செய்பவர். எம்மிடம் பயின்று இத்துறைக்குச் சென்ற மாணவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் தெளிந்தவற்றையே இங்குக் கூறுகின்றோம்.

ஓர் எடை மேடையை எண்ணிப் பாருங்கள். நெல் ஏற்றிய லாரி மேடைமேல் நிற்கிறது. எடைகாட்டும் கருவியில் எண் சரியாகத் தெரிகிறது. அக்கருவியிலிருந்து ஒரு கம்பி கணிப்பொறிக்குச் செல்கிறது. கணிப்பொறித் திரையிலோ எண்ணுக்கு மாறாகப் பொருளற்ற குறிகள் தோன்றுகின்றன. விளைத்தவருக்கும் சுமந்தவருக்கும் கூலி அந்த எண்ணைப் பொறுத்தது. இந்நிலையில் என் செய்வது?

அக்கம்பி வந்து சேரும் இடத்திற்குச் சீரியல் போர்ட் என்று பெயர். தொடர் வாயில் எனலாம். ஒற்றையடிப் பாலத்தில் மக்கள் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதுபோல, இதில் குறிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். இதற்கான ஆர்எஸ்-232 என்னும் பொதுவிதி 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. 1981இல் வந்த ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறியிலும் இவ்வாயிலுக்கு இடம் இருந்தது. இதற்கென 8250 என்னும் சில்லு பயன்பட்டது. இன்றும் எடைக்கருவிகளிலும், ஆலைப் பொறிகளிலும், பெரிய சர்வர்களிலும் இவ்வழி வாழ்கின்றது.

கணிப்பொறியின் உட்பகுதியில் எல்லாக் கருவிகளையும் ஆளும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதனுள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிரைவர், அதாவது இயக்கி உண்டு. பள்ளிக்குத் தலைமையாசிரியர் போன்றது கெர்னல் என்றால், ஒவ்வொரு வகுப்பின் நிலையையும் அறிந்து சொல்லும் வகுப்பாசிரியர் போன்றது இயக்கி. சில்லில் ஒரு குறி வந்து சேர்ந்ததும், ‘இன்டரப்ட்’ என்னும் மணி அடிக்கும். இயக்கி ஓடிச்சென்று குறியை எடுத்து வரும். மணி தவறினாலும், இயக்கி காலம் தாழ்ந்தாலும், செய்தி கெடும்.

லினக்ஸ் என்னும் புகழ்பெற்ற கெர்னலின் பிறப்பே இவ்வாயிலோடு தொடர்புடையது. 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு தொடர்புகொள்ள ஒரு சிறு நிரல் எழுதினார். அதுவே வளர்ந்து கெர்னல் ஆயிற்று. தொடக்க ஆண்டுகளில் அதன் சீரியல் இயக்கியை வளர்த்தவர்களுள் தியோடர் சோ குறிப்பிடத்தக்கவர்.

இனி எடை மேடைக்குத் திரும்புவோம். பழுதறிதலின் முதல் விதி, ஊகத்தால் எதையும் மாற்றலாகாது என்பது. இரண்டாம் விதி, ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவைக் குறித்துக்கொள்ளுதல். ஐந்தை ஒருங்கே மாற்றியவனுக்குப் பொறி ஓடினாலும் காரணம் விளங்காது. அடுத்த முறை நின்றால் அவன் மீண்டும் இருட்டில்தான் நிற்பான்.

முதற்கண், வாயிலைக் கெர்னல் கண்டுகொண்டதா என நோக்க வேண்டும். கணிப்பொறி எழும்போது கெர்னல் எழுதிவைக்கும் குறிப்புகளை டிமெசேஜ் என்னும் ஆணை காட்டும். முதல் வாயில் 3எஃப்8 என்னும் முகவரியிலும், 4ஆம் மணிக்கம்பியிலும் இருத்தல் வழக்கம். சில்லு 16550ஏ வகை என்ற குறிப்பும் காணப்படும். அக்குறிப்பே இல்லையெனில், வாயில் அடிப்படை அமைப்பில் மூடப்பட்டிருக்கலாம். அல்லது அதற்குரிய இயக்கி ஏற்றப்படாதிருக்கலாம்.

இரண்டாவது, திறக்க உரிமை உண்டா என்பது. லினக்ஸ் வகைகள் பலவற்றில் ‘டயல்அவுட்’ என்னும் குழுவில் சேர்க்கப்பட்டவரே வாயிலைத் திறக்க இயலும். குழுவில் பெயர் இல்லாதவனுக்குக் கதவு திறவாது. இதனை இயக்கியின் பழுது என மயங்குவோர் உளர்.

மூன்றாவது, கம்பிச் சோதனை. வெளிக்கம்பியைக் கழற்றிவிட்டு, ஒன்பது முனை கொண்ட வாயிலில் 2ஆம் முனையையும் 3ஆம் முனையையும் சிறு கம்பியால் இணைக்க வேண்டும். 3 அனுப்பும் முனை. 2 பெறும் முனை. இப்போது நாம் தட்டும் எழுத்து நமக்கே திரும்பி வருமாயின், வாயிலும் இயக்கியும் பெரும்பாலும் நலமே. வரவில்லையெனில் பழுது நம் பக்கத்தில் உள்ளது. அந்நிலையில், வாயில் திறந்திருக்கும்போது கெர்னலின் இன்டரப்ட் கணக்கைப் பார்த்தால், மணி அடிக்கிறதா இல்லையா என்பது எண்ணாலேயே புலப்படும்.

ஆனால் இச்சோதனையில் ஒன்று புலப்படாது. அது வேகப் பிழை. அனுப்புவதும் பெறுவதும் ஒரே சில்லாதலின், வேகம் தவறாயினும் இரண்டும் ஒத்தே தவறும். ஒரு சோதனை எதைக் காட்டும் என்பதோடு, எதைக் காட்டாது என்பதையும் அறிந்தவனே தேர்ந்தவன்.

எனவே நான்காவது, வேகம். வழக்கமான முறையில் ஓர் எழுத்துக்குத் தொடக்கக்குறி ஒன்று, செய்திக்குறி எட்டு, முடிவுக்குறி ஒன்று ஆகப் பத்துக் குறிகள் செல்லும். வேகம் 9600 எனில் நொடிக்கு 960 எழுத்துகள். எடைக்கருவி 2400 வேகத்தில் பேச, கணிப்பொறி 9600 வேகத்தில் கேட்டால், முடிவுக்குறி இருக்க வேண்டிய இடத்தில் அது இராது. இதற்கு ஃபிரேமிங் பிழை என்று பெயர். கெர்னல் இப்பிழைகளை எண்ணிக் கணக்கேட்டில் வைத்திருக்கும். பொருளற்ற குறிகளோடு ஃபிரேமிங் பிழையின் எண்ணும் ஏறுமானால், முதலில் ஐயுற வேண்டியது வேகத்தை. எஸ்டிடிஒய் என்னும் ஆணையால் கணிப்பொறியின் பக்கத்தை எடைக்கருவியின் வேகத்திற்குக் கொணரலாம்.

வேகத்தைச் சரியாகச் சொல்லியும் குறிகள் கெடுமாயின், இன்னும் ஆழ்ந்து நோக்க வேண்டும். பழைய சில்லின் துடிப்பு நொடிக்கு 18,43,200. அதனைப் பதினாறால் வகுத்தால் 1,15,200. அதனை 12ஆல் வகுத்தால் 9600. சில அட்டைகளில் துடிப்பு எட்டு மடங்கு, அதாவது 1,47,45,600 ஆக இருக்கும். இயக்கி இதனை அறியாமல் பழைய கணக்கையே போட்டால், 9600 கேட்டவனுக்கு 76,800 கிடைக்கும். இங்கே சில்லும் நலம், கம்பியும் நலம். இயக்கி பொறியைப் பற்றிக் கொண்ட எண்ணமே தவறு. உண்மைத் துடிப்பை அதற்குச் சொல்லிவிட்டால் பழுது தீரும். இதனைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்ட கணக்கு வகுத்தல் மட்டுமே என்பதை இளைஞர்கள் உளங்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, இடையிடையே எழுத்து விடுபடுதல். 8250 சில்லு, வந்த எழுத்துகளுள் ஒன்றையே காத்து வைக்கும். 16550ஏ பதினாறைக் காக்கும். 1,15,200 வேகத்தில் ஓர் எழுத்து வரும் நேரம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. இயக்கி அதற்குள் எடுக்காவிடில், புதியது வந்து சேர இடமின்றி எழுத்து இழக்கப்படும். இதற்கு ஓவர்ரன் என்று பெயர். இதற்கும் கணக்கேட்டில் எண் உண்டு. வேகத்தைக் குறைத்தலும், ‘பொறு’ என்று மறுபக்கத்திற்குச் சொல்லும் கம்பிகளைப் பயன்படுத்தலும் இதற்கு மருந்து.

இறுதியாக, பலரையும் அலைக்கழித்த ஒரு நிகழ்வு. இக்காலக் கணிப்பொறிகள் பலவற்றில் இவ்வாயில் இல்லாமையால், சிஎச்340 போன்ற சில்லு கொண்ட யுஎஸ்பி மாற்றியைப் பொருத்துவர். 2022இல் உபுண்டு 22.04 வெளிவந்தபோது, மாற்றியைச் செருகியதும் வாயில் தோன்றி, உடனே மறைந்தது. பலர் இயக்கியைக் குறை கூறினர். டிமெசேஜ் குறிப்பைப் படித்தவர்களோ உண்மையைக் கண்டனர். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்க உதவும் பிரெயில் கருவிக்கான பிஆர்எல்டிடிஒய் என்னும் நிரல், அதே அடையாள எண் கொண்ட சில்லைக் கண்டு, தன் கருவி எனக் கருதிப் பற்றிக்கொண்டது. பலர் அந்நிரலையே அடியோடு நீக்கினர். அக்கணிப்பொறியைப் பார்வையற்ற ஒருவர் பயன்படுத்துவாராயின், அவர் அதன்பின் எதனைக் கொண்டு படிப்பார்? அந்த ஓர் அடையாள எண்ணுக்குரிய விதியை மட்டும் விலக்கியிருப்பின் இருவர்க்கும் வழி கிடைத்திருக்கும். நம் பழுதை நீக்கும்போது பிறர் கதவை அடைத்துவிடாமை கல்வியின் பயன்களுள் ஒன்று. கதவடைப்பின் துன்பத்தை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இளைஞர்களே! லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் முழுதும் எவரும் படிக்கத் திறந்துள்ளது, கட்டணம் இல்லை. சீரியல் இயக்கியின் வரிகளும் அதனுள் உள்ளன. படிப்பவனின் ஊரையும் பேரையும் கேட்போர் அங்கு இலர். தேவைப்படுவன ஆங்கில அறிவு சிறிது, கணக்கு சிறிது, பொறுமை மிகுதி. கழகத்தின் படிப்பகத்தில் பழைய கணிப்பொறி ஒன்றும், 2, 3 முனைகளை இணைக்க ஒரு சாண் கம்பியும் இருந்தால் இக்கல்வியை நாளையே தொடங்கலாம். ஒவ்வொரு பழுதையும், கண்ட காரணத்தையும் ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதி வையுங்கள். பின்வரும் பிள்ளைகளுக்கு அதுவே பாடநூலாகும்.