ரோடு மூடியிருக்கு: கனடா மலைகளில் ஐந்து நாள்

இந்த எபிசோடில் ஒரு பீரங்கி வரும். நிஜ பீரங்கி, ராணுவத்தோடது. "ஸ்கீ ட்ரிப் பத்திப் பேசறேன்னு சொல்லிட்டு இதென்ன?"ன்னு கேட்காதீங்க. போற வழியிலயே வரும்.

நான் கேல்கரியில் வேலை பார்க்கிறேன். இங்க எனக்கு இது மூணாவது குளிர்காலம். ஸ்னோபோர்டு ஓட்டுவேன், சுமாரா. என் ரூம்மேட் ஸ்கீ ஓட்டுவான், நல்லாவே. மூணாவது ஆள் அவனோட அக்கா. எட்டு வருஷமா இந்த ஊர்ல இருக்காங்க, கார் அவங்களோடது, ஸ்டியரிங்கும் அவங்க கையில. பிப்ரவரியில் ஐந்து நாள் லீவ் போட்டுக் கிளம்பினோம். கேல்கரி, பான்ஃப், கோல்டன், ரெவல்ஸ்டோக். எல்லாம் ஒரே நெடுஞ்சாலையில், ட்ரான்ஸ்-கனடா ஹைவே ஒண்ணாம் நம்பர் ரோட்டில். மொத்தம் 410 கிலோமீட்டர் சுமார். சென்னையிலிருந்து கோயம்புத்தூர் போறதை விடக் கம்மி. ஆனா இந்த 410 கிலோமீட்டர் நம்ம கணக்குல வராது, ஏன்னு சொல்றேன்.

முதல் நாள் பான்ஃப் பக்கத்துல சன்ஷைன் வில்லேஜ். கார் நிறுத்துற இடத்திலிருந்து மலைக்கு ரோடு கிடையாது, கோண்டோலாவில்தான் ஏறணும். மேல போனா நீங்க நிற்கிறது கண்டத்தோட நீர்ப்பிரிமுகட்டுல. அதாவது ஒரு பக்கம் உருகுற பனி பசிபிக் கடலுக்குப் போகும், இன்னொரு பக்கம் உருகுறது போ நதியில் இறங்கி, பல ஆறு மாறி ஹட்சன் விரிகுடாவுக்குப் போகும். எனக்கு இந்த மாதிரி விஷயம் ரொம்பப் பிடிக்கும். ரூம்மேட்டுக்குப் பிடிக்காது. "லெக்சர் அப்புறம், லைன்ல நில்லு"ன்னான்.

ஸ்கீயும் ஸ்னோபோர்டும் ஒண்ணா ட்ரிப் போறதுல ஒரு நிரந்தரச் சண்டை உண்டு. சமதளம். ஸ்கீக்காரன் ரெண்டு குச்சியை ஊனித் தள்ளிட்டுப் போயிடுவான். ஸ்னோபோர்டுக்காரன் ஒரு காலைக் கழட்டி, பழைய ஸ்கூட்டரைத் தள்ளுற மாதிரி தள்ளிக்கிட்டு வரணும். அக்கா மட்டும் நின்னு குச்சியை நீட்டி இழுத்துக்கிட்டுப் போவாங்க. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு முதல் தடவையா வந்தப்போ, முதல் தங்கம் வாங்கினவர் ராஸ் ரெபக்லியாட்டி, கனடாக்காரர். கஞ்சா சோதனையில் மாட்டி, மெடலைப் பிடுங்கி, அப்பீல்ல திருப்பிக் கொடுத்தாங்க. இதை நான் பெருமையா சொல்லும்போதெல்லாம் ரூம்மேட் சிரிப்பான்.

அந்த மலையிலேயே டெலிரியம் டைவ்னு ஒரு பகுதி இருக்கு. ரிசார்ட் எல்லைக்குள்ளதான். ஆனா வாசல்ல கேட் போட்டு வச்சிருக்காங்க. உள்ள போகணும்னா உங்ககிட்ட ட்ரான்ஸீவர், அதாவது புதைஞ்சா சிக்னல் கொடுக்கிற கருவி, மடக்கு மண்வெட்டி, நீளமான தேடு கம்பி, கூட ஒரு ஆள், இவ்வளவும் இருக்கணும். நாங்க போகலை, எங்ககிட்ட கருவி இல்லை. ஆனா அந்த கேட் முன்னாடி நின்னப்பதான் எனக்கு உறைச்சது: டிக்கெட் வாங்கிட்டு வர்ற இடத்துலயே "நீ புதைஞ்சா தோண்டி எடுக்க ஆள் இருக்கா?"ன்னு கேட்கிறாங்க.

ரெண்டாம் நாள் கோல்டன், கிக்கிங் ஹார்ஸ் மலை. பேர்க் காரணம் நல்லா இருக்கும். 1858-ல் பாலிஸர் குழுவோட வந்த ஜேம்ஸ் ஹெக்டரை இந்தப் பக்கத்துல குதிரை உதைச்சிடுச்சு. ஆறு, கணவாய், கடைசியில் ரிசார்ட் வரைக்கும் அந்த உதை பேரா நின்னுடுச்சு. மலை செம செங்குத்து. நான் பாதி தூரம் பக்கவாட்டுலயே சறுக்கி இறங்கினேன். அதைப் பத்தி இதுக்கு மேல வேண்டாம்.

இப்போ ரோட்டுக்கு வருவோம். கோல்டனுக்கும் ரெவல்ஸ்டோக்குக்கும் நடுவுல 148 கிலோமீட்டர். நடுவுல செல்கிர்க் மலைத்தொடர், அதுல ரோஜர்ஸ் கணவாய். பசிபிக்கிலிருந்து வர்ற ஈரக்காற்று இந்த மலைகள்ல முட்டி மேல ஏறி, சுமந்துட்டு வந்ததை எல்லாம் இங்கேயே கொட்டிட்டுப் போயிடும். அதனாலதான் பான்ஃப் பக்கம் பனி கம்மி, இங்க ஆள் உயரத்துக்கு மேல. நம்ம மாதிரி ஆட்கள் "பவுடர், பவுடர்"னு வர்றது இதுக்குத்தான். அதே பனிதான் ரோட்டுல விழும். இந்த தேசியப் பூங்காவுக்குள்ள சுமார் 40 கிலோமீட்டர் ரோட்டுல, பனிச்சரிவு இறங்குற தடங்கள் 130-க்கு மேல இருக்கு.

பீரங்கி இங்கதான். 1962-ல் இந்த வழியா ரோடு திறந்தாங்க. பனிச்சரிவு அதுவா விழுற வரைக்கும் காத்திருந்தா ரோட்டுல கார் இருக்கும்போது விழும். அதனால முன்கூட்டியே, ரோட்டை மூடிட்டு, நாமளே விழ வைக்கணும். பார்க்ஸ் கனடாவோட பனி நிபுணர்கள் எங்க, எப்போ சுடணும்னு சொல்வாங்க. ராணுவ வீரர்கள் 105 மில்லிமீட்டர் ஹௌவிட்சர் பீரங்கியை ரோட்டோரம் நிறுத்தி மலை உச்சியைச் சுடுவாங்க. குண்டு விழுந்த அதிர்ச்சியில பனி சரியும். அப்புறம் ரோட்டைச் சுத்தம் பண்ணிட்டுத் திறப்பாங்க. இதுக்கு ஆபரேஷன் பலாச்சின்னு பேர். ஒவ்வொரு குளிர்காலமும் நடக்குது.

பனி ஏன் சரியுது? அக்கா கார்ல சொன்ன விளக்கம் எனக்குப் பிடிச்சது. சுவத்துல தூசி இருக்கும்போதே அதுமேல புது பெயிண்ட் அடிச்சா என்ன ஆகும்? பார்க்க நல்லா இருக்கும், ஒரு நாள் தோலா உரிஞ்சு வரும். பனியும் அப்படித்தான். தெளிவான குளிர் ராத்திரியில பனி மேல இறகு மாதிரி பனிப்படிகம் வளரும், பார்க்க அவ்வளவு அழகு. அதுமேல அடுத்த புயல்ல ரெண்டு அடி பனி விழும். அந்த இறகு அடுக்கு உள்ளே அப்படியே வாரக்கணக்கா இருக்கும். மேல ஒரு ஆள் போற கனம் போதும்.

நாங்க கணவாயைத் தாண்டும்போது ரோடு திறந்திருந்தது. கான்கிரீட் கூரை போட்ட பனிக்கொட்டகைகளுக்குள்ள புகுந்து புகுந்து போனோம். பெரும்பாலான தூரம் போன்ல சிக்னல் இல்லை. இந்த இடத்துக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கு. 1910 மார்ச் 4 ராத்திரி, ரயில் பாதையில விழுந்த ஒரு சரிவை ஆட்கள் அள்ளிக்கிட்டு இருந்தாங்க. எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்தது. 58 பேர் செத்துப்போனாங்க. அதுல 32 பேர் ஜப்பானிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அதுக்கப்புறம் ரயில்வே கணவாய் மேல போறதையே விட்டுடுச்சு. மலைக்கு அடியில 8 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி 1916-ல் திறந்தாங்க. ரயில் தப்பிச்சுடுச்சு. ரோடு இன்னும் மேலதான் போகுது.

ரெவல்ஸ்டோக். 2007-ல் திறந்த ரிசார்ட். உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் 1,713 மீட்டர் இறக்கம், வட அமெரிக்காவிலேயே இதுதான் அதிகம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் மலை ரயில் இறங்குற உயரத்தை விட ஜாஸ்தி. தொடை எரியும் மக்களே, எரியும்.

நாலாம் நாள் காலையில எழுந்தா கார் காணோம். வெள்ளையா ஒரு மேடுதான் இருக்கு. ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கு. ரூம்மேட் முகத்தைப் பார்க்கணுமே, தீபாவளி காலை மாதிரி. முதல் லிஃப்ட்ல ஏறி மரங்களுக்கு நடுவுல போனோம். இந்தப் பனியில சத்தமே இருக்காது. ஸ்னோபோர்டு மிதக்கும். திரும்பணும்னு நினைச்சாலே திரும்பும். அந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தான் எல்லாரும் இவ்வளவு செலவு பண்றாங்க, அதுல சந்தேகமே இல்லை.

அக்கா ஒரே ஒரு ரூல் போட்டிருந்தாங்க: மரத்துக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் கண்ணுல படணும். காரணம் ட்ரீ வெல். மரக்கிணறுன்னே சொல்லலாம். பெரிய ஊசியிலை மரத்தோட கீழ்க்கிளைகள் குடை மாதிரி பனியைத் தடுக்கும். அதனால அடிமரத்தைச் சுத்தி பனி இறுகாம, பாதி காலியா ஒரு குழி இருக்கும். மேலிருந்து தெரியாது. உள்ள விழுந்தா பெரும்பாலும் தலைகீழாத்தான் விழுவீங்க. உதற உதற மேல இருக்கிற பனி சரிஞ்சு முகத்தை மூடும். தன்னார்வலர்களை வச்சு இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. பத்துல ஒன்பது பேரால தானா வெளிய வர முடியலை.

மூணாவது ரன்ல எனக்கு முன்னாடி போன ரூம்மேட் காணாம போனான். விழுந்த சத்தம் கேட்கலை. ஒரு ஸ்கீ மட்டும் பனிக்கு மேல நீட்டிக்கிட்டு நின்னுது. நான் அவனுக்கு மேல ஒரு பத்து மீட்டர்ல இருந்தேன். போர்டைக் கழட்டிட்டு இடுப்பளவு பனியில இறங்கினேன். அந்தப் பத்து மீட்டர் மாதிரி தூரம் நான் நடந்ததே இல்லை. பின்னாடியே அக்கா வந்தாங்க. "காலை இழுக்காத, முதல்ல மூஞ்சியைத் தேடு"ன்னு கத்தினாங்க. பக்கவாட்டுல தோண்டினோம். ஹெல்மெட் தட்டுப்பட்டது, வாயில இருந்த பனியை அக்கா விரலை விட்டு எடுத்தாங்க. இருமினான். மொத்தம் ரெண்டு நிமிஷம் இருக்கலாம். அவன் சொன்ன முதல் வார்த்தை, "என் போல் எங்க?" குச்சியைக் கேட்கிறான். அக்கா அவன் தோள்ல ஓங்கி ஒண்ணு வச்சாங்க. அப்புறம் அப்படியே உட்கார்ந்துட்டாங்க.

அன்னைக்கு அதோட கீழ இறங்கிட்டோம். சாயங்காலம் போனைப் பார்த்தா, ரோஜர்ஸ் கணவாய் மூடியிருக்கு.

திங்கட்கிழமை காலையில ரூம்மேட் ஆபீஸ்ல இருக்கணும். கான்ட்ராக்ட் வேலை, புதுப்பிக்கிறதா வேண்டாமான்னு மேனேஜர் யோசிச்சுக்கிட்டு இருந்த நேரம். வர்க் பர்மிட்டும் அந்த வேலையோட கட்டியிருக்கு. கேட்கிற உங்கள்ல பாதி பேருக்கு அது என்னன்னு நான் விளக்க வேண்டியதில்லை. அவன் மேப்பைத் திறந்து, "தெற்கு வழி இருக்குக்கா. ஃபெர்ரி ஏறி நெல்சன், க்ரான்புரூக் சுத்திப் போயிடலாம். ராத்திரி முழுக்க ஓட்டினா காலையில கேல்கரி"ன்னான்.

வழி இருக்கிறது உண்மை. ஏரியைத் தாண்ட ஃபெர்ரி இலவசம்தான். ஆனா அந்தப் பக்கமும் ஒரு பெரிய கணவாய் இருக்கு, கூட்னே, 1,775 மீட்டர். ரோஜர்ஸை விட உயரம். அதே புயல் அங்கேயும்.

"டேய், காலையிலதான் உன் வாயிலேர்ந்து பனியைத் தோண்டி எடுத்தேன். ராத்திரியில என்னால இன்னொரு தடவை தோண்ட முடியாது."

"வேலை போயிடும்க்கா."

"போகட்டும்."

அவங்க அப்படி சொன்னது சுலபமா இல்லை. அம்மா அப்பாவுக்கு ஊர்ல மாசாமாசம் பணம் அனுப்புறது இவங்க ரெண்டு பேரும்தான். நான் நடுவுல எதுவும் பேசலை. ரூம்மேட் வெளிய போய் ரொம்ப நேரம் பனியில நின்னான். வந்து மேனேஜருக்கு மெயில் போட்டான்.

மறுநாள் ரெவல்ஸ்டோக்கை நடந்து பார்த்தோம். கனடாவோட பொதுப் பனிச்சரிவு எச்சரிக்கைகளைத் தர்ற அவலாஞ்ச் கனடா இந்தச் சின்ன ஊர்லதான் இருக்கு. 2003 ஜனவரி 20 அன்னைக்கு இந்த ஊருக்கு வடக்கே ஒரு சரிவுல 7 பேர் இறந்தாங்க. அதுல ஒருத்தர் க்ரெய்க் கெல்லி, நாலு தடவை உலக சாம்பியன், எங்க ஸ்னோபோர்டு ஆட்களுக்கு அவர் ஒரு பெரிய ஆள். பன்னிரண்டு நாள் கழிச்சு ரோஜர்ஸ் கணவாய் பக்கத்துல இன்னொரு சரிவு. 17 பேர் போன பள்ளிக்கூடக் குழு, 7 மாணவர்கள் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் நாட்டுக்கே ஒரு மையம்னு அமைச்சாங்க. இன்னைக்கு யார் வேணும்னாலும் போன்ல 1 முதல் 5 வரைக்கும் ஆபத்து அளவைப் பார்க்கலாம். மலை உச்சிக்கு ஒண்ணு, மரக்கோட்டுக்கு ஒண்ணு, அதுக்குக் கீழ ஒண்ணுன்னு தனித்தனியா வரும்.

மதியம் ரோடு திறக்கிறதா தகவல் வந்தது. கிளம்பினோம். பூங்காவுக்குள்ள மறுபடி நிறுத்திட்டாங்க. லாரிக்குப் பின்னாடி லாரி, நடுவுல நாங்க. எஞ்ஜினை அணைச்சுட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போ கேட்டது. டும். இடி மாதிரி இல்லை, பக்கத்து வீட்டு மாடியில யாரோ அரிசி மூட்டையைப் போட்ட மாதிரி. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொண்ணு. மேகத்துக்குள்ள மலை தெரியலை. எங்க முன்னாடி லாரிக்காரர் இறங்கி, ஃப்ளாஸ்க்ல இருந்து காபி ஊத்திக் குடிச்சுக்கிட்டு இருந்தார். அவருக்கு அது வாராவாரம் கேட்கிற சத்தம்.

ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் வரிசை நகர்ந்தது. ரோட்டோரமா ஒதுக்கித் தள்ளியிருந்த பனி வெள்ளையா இல்லை. மண்ணும், உடைஞ்ச கிளையும், பச்சை ஊசியிலையும் கலந்து கிடந்தது. ஜன்னலை இறக்கினா மரம் அறுக்கிற கடை வாசனை. யாரும் பேசலை. கோல்டன் வந்தப்போ சிக்னலும் வந்தது, கூடவே நேரமும் ஒரு மணி முன்னாடி குதிச்சது. அங்க வேற நேர மண்டலம். மேனேஜர்கிட்டேர்ந்து ஒரு வரி பதில் இருந்தது: செவ்வாய்க்கிழமை பேசலாம். அதை அவன் எத்தனை தடவை படிச்சான்னு தெரியலை. கான்ட்ராக்ட் மூணு மாசத்துக்கு மட்டும் நீட்டினாங்க. இதைப் பதிவு பண்ற இன்னைக்கும் அவன் வேற வேலை தேடிக்கிட்டுத்தான் இருக்கான்.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு நாலு விஷயம், வேகமா. பிரிட்டிஷ் கொலம்பியா மலை ரோடுகள்ல அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரைக்கும் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம், வாடகைக் கார் எடுத்தா டயரைக் குனிஞ்சு பாருங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ட்ரைவ்பிசி தளத்துல ரோடு நிலவரம் பாருங்க. கார்ல போர்வை, தண்ணி, சாப்பாடு. விசில் ஒண்ணு ஜாக்கெட்ல. அப்புறம் லீவ் கேட்கும்போது ட்ரிப்பை விட ஒரு நாள் கூடுதலா கேளுங்க.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அக்காவையும் ஒரு எபிசோடுக்குக் கூப்பிட்டிருக்கேன். அந்த ரெண்டு நிமிஷத்தைப் பத்திப் பேச மாட்டேன், டயரைப் பத்தி வேணும்னா பேசறேன்னு சொல்லியிருக்காங்க.