இயன்முறை மருத்துவப் பணி: பெற்றோரும் மாணவரும் அறிய வேண்டியவை

(ஜமாஅத் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இளம்பிள்ளை என்றவுடன் வெளியூரார்க்கு முதலில் நினைவுக்கு வருவது சேலை. அடுத்து, பெயர் ஒற்றுமையால், இளம்பிள்ளை வாதம். அந்த நோய்க்கும் நம் ஊருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் இன்று பேச வந்துள்ள தொழிலுக்கும் அந்நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1952-ஆம் ஆண்டு பம்பாயில் இளம்பிள்ளை வாதம் பரவிய பின்னரே, அந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் இயன்முறை மருத்துவப் பயிற்சிப் பள்ளி உருவானது. நம் மாநிலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இத்துறைக்கு வழிகாட்டியது. 1954-இல் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நடக்கும் ஆற்றலை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அங்கு மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தெடுத்தார்.

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் வரும் இளம்பிள்ளை வாதம் கடைசியாகக் கண்டறியப்பட்டது 2011-ஆம் ஆண்டு ஜனவரியில். நோய் போயிற்று, தொழில் நின்றது. இன்று எங்களிடம் வருவோர் வேறு வகையினர்.

மருத்துவமனையில் தங்காமல், வீட்டிலிருந்து வந்து சிகிச்சை பெற்றுத் திரும்புவோரைப் புறநோயாளிகள் என்கின்றோம். நாள் முழுதும் விசைத்தறியின் முன் நின்று இடுப்பு பிடித்துக்கொண்டவர், சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் குனிந்தே அமர்ந்து கழுத்து வலி கண்டவர், பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவர், எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் பிரித்தபின் மூட்டு மடங்காதவர், சர்க்கரை நோயுடன் தோள்பட்டை இறுகிப்போனவர், முழங்கால் தேய்ந்து பள்ளிவாசலில் நாற்காலியிட்டுத் தொழுபவர் என அனைவரும் வருகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் உயிருக்குப் போராடுபவர் அல்லர், பிழைப்புக்குப் போராடுபவர்கள். தறிக்காரருக்குக் கை எழவில்லை எனில் அந்த வாரக் கூலி இல்லை.

எங்கள் தவறு ஒன்றையே இங்குச் சொல்ல விரும்புகின்றோம். பணியில் சேர்ந்த புதிதில், தோள் இறுகிய தறிக்காரர் ஒருவர் எங்களிடம் வந்தார். பத்து நாட்கள் மின்கருவியும் வெப்பமும் வைத்தோம். வலி குறைந்தது, எங்களுக்கும் பெருமையாக இருந்தது. ஒரு மாதம் கழித்துக் கடைவீதியில் அவரைக் கண்டபோது, "வலி போயிருச்சுங்க. ஆனா ஜக்கார்டு அட்டையத் தொட கை எட்டலைங்க. தறிய விட்டுட்டேனுங்க" என்றார். வலி எங்கே என்று கேட்ட நாங்கள், அந்தக் கையால் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்கவே இல்லை. தோளை உயர்த்தும் பயிற்சியை நாள்தோறும் வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுத்து, அவர் செய்கிறாரா என்று தொடர்ந்து கவனித்திருந்தால் தறியை விட்டிருக்கமாட்டார்.

அன்று கற்ற பாடமே இத்தொழிலின் சாரம். கருவிகள் துணை மட்டுமே. நோயாளியின் அசைவை அளந்து, தசையின் வலுவைச் சோதித்து, அவர் திரும்ப வேண்டிய வேலையைக் கேட்டறிந்து, அதற்கேற்ற பயிற்சியைப் படிப்படியாகக் கொடுத்து, அவரே செய்யும்படி ஆக்குவதுதான் சிகிச்சை. ஒரே பயிற்சியை நூறு பேருக்கு நூறு முறை முகம் சுளிக்காமல் சொல்லித் தரும் பொறுமை வேண்டும். அது இல்லாதவர்க்கு இத்தொழில் பொருந்தாது.

இனிப் படிப்பைப் பற்றிச் சில சொற்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருக்க வேண்டும். இளநிலைப் பட்டமான பி.பி.டி., நான்காண்டு வகுப்பும் ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சியுமாக நெடுங்காலம் நடந்து வந்தது. அதன் பின்னர் முதுநிலைப் படிப்பும் உண்டு. துணை மருத்துவத் துறைகளை ஒழுங்குபடுத்த 2021-ஆம் ஆண்டு நடுவண் அரசு சட்டம் இயற்றியதைத் தொடர்ந்து, பாடத்திட்டம், கால அளவு, சேர்க்கை விதி ஆகியன மாறிவருகின்றன. எனவே, போன ஆண்டு சேர்ந்தவர் சொல்லை நம்பாமல், சேரும் ஆண்டின் அரசுத் தகவல் ஏட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். சென்னையிலும் திருச்சியிலும் அரசு நிறுவனங்களும், சேலத்திலேயே தனியார் கல்லூரியும் உள்ளன. கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா, சொந்த மருத்துவமனையில் நோயாளிகளைக் கண்டு பயில வழியுண்டா என்று விசாரித்த பின்னரே பணம் கட்டுங்கள். சில மாதச் சான்றிதழ் வகுப்புகள் ஒருவரை இயன்முறை மருத்துவர் ஆக்கா.

இன்னல்களையும் மறைத்தல் தகாது. தனியார் மருத்துவமனைகளில் தொடக்க ஊதியம் குறைவு. அரசுப் பணியிடங்கள் படித்து வெளிவருவோரின் எண்ணிக்கைக்கு ஈடாக இல்லை. உடலுழைப்பு மிகுதி. பட்டம் பெற்ற மறுநாளே கடன் வாங்கிச் சொந்த சிகிச்சை மையம் திறந்து, ஆண்டிறுதியில் மூடியவர்களும் உளர். இரண்டு மூன்று ஆண்டுகள் அனுபவம் மிக்கவரிடம் பணிபுரிந்த பின்னர்ச் சிறு அளவில் தொடங்குவதே நலம். எம்.பி.பி.எஸ். கிடைக்காத வருத்தத்தில் ஒரு பிள்ளையை இதில் தள்ளிவிடாதீர்கள். அவ்வாறு வந்தவர் நோயாளியின் முன் நின்றுகொண்டே தம் இழப்பை எண்ணிக்கொண்டிருப்பார்.

தேவை குறையவில்லை என்பதும் உண்மை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டபோது, படுக்கையில் இருப்போரின் இல்லத்திற்கே சென்று இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அதில் ஒரு பகுதியாக வைக்கப்பட்டது. மருத்துவமனை வரை வர இயலாதோர் எத்தனையோ வீடுகளில் உள்ளனர் என்பதை அரசே உணர்ந்ததன் அடையாளம் அது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். இடுப்பு வலியையும் தோள் வலியையும் ஆண் மருத்துவரிடம் காட்டக் கூசி, ஆண்டுக்கணக்கில் தைலம் தேய்த்தே காலம் கடத்தும் பெண்கள் நம் தெருக்களில் உண்டு. காலம் தாழ்த்தி வரும்போது பாதி அசைவு போயிருக்கும். நம் பெண் மக்களுள் சிலர் இத்துறைக்கு வந்தால் அவ்வீடுகளின் கதவு திறக்கும். நான்காண்டு படித்த பெண்ணைத் திருமணத்திற்குப் பின் பணிக்கு அனுப்புவதா என்ற கேள்வியை, கல்லூரியில் சேர்க்கும் முன்னரே இரு வீட்டாரும் பேச வேண்டிய கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவர்களில் விருப்பமுள்ளோரை, விண்ணப்பிக்கும் முன், ஒரு நாள் காலை முதல் மாலை வரை ஏதேனும் ஒரு புறநோயாளிப் பிரிவில் அனுமதி பெற்று அமர வைத்துப் பார்க்கச் செய்யுங்கள். பக்கவாதம் கண்ட பெரியவர் ஒருவர் ஒரு டம்ளரைப் பிடிக்க அரைமணி நேரம் முயல்வதை அப்பிள்ளை பார்க்கட்டும். சலித்து வெளியேறினால் லட்சக்கணக்கில் பணமும் நான்கு ஆண்டுகளும் மிச்சம். டம்ளர் உதட்டுக்குப் போய்ச் சேரும்வரை எழாமல் அமர்ந்திருந்தால், அப்பிள்ளையைத் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.