பள்ளியும் இயந்திரமும்

(எலப்புள்ளியில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பேசுவது மரபு. அந்தப் பெருமை நமக்கு என்றும் உண்டு. ஆனால், இன்று நான் பேச விரும்புவது நம் பிள்ளைகளின் வகுப்பறையைப் பற்றி. அங்கே கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெண்திரை வந்திருக்கிறது. அத்திரை யாருக்குச் சொந்தம்? அது எந்த மொழியில் பேசுகிறது? அதன் முன்னே ஆசிரியருக்கு என்ன இடம்? இந்த மூன்று கேள்விகளையும் உங்கள் முன் வைக்கிறேன்.

பள்ளிக்குள் கம்பெனி நுழைவது நமக்குப் புதிதன்று. இடுக்கி மலைக்குத் தேயிலை பறிக்கச் சென்ற தமிழ்க் குடும்பங்களைக் கேளுங்கள். 1951ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் ஒரு தோட்டத்தில் இருந்தால், முதலாளியே கல்வி வசதி செய்து தர வேண்டும் என்று விதி வகுக்க மாநில அரசுகளுக்கு அது அதிகாரம் அளித்தது. எழுத்தறியாத தலைமுறைக்கு அது பெரும் பேறுதான். ஆனால், கூலி கொடுப்பவரே பள்ளியும் கொடுக்கும் இடத்தில், பள்ளியின் குறையை யாரிடம் சென்று சொல்வது? கொடுக்கும் கை மேலே இருந்தது. வாங்கும் கை கீழே இருந்தது. உரிமையாக வர வேண்டியது உதவியாக வந்தால் வரும் சங்கடம் இதுவே.

இன்று அந்த உதவி வேறு உருவத்தில் வருகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அப்பணிகளுள் கல்வியும் ஒன்று. கழிப்பறை கட்டித் தருகிறார்கள், நூலகம் அமைக்கிறார்கள், மறுக்க வேண்டியதில்லை. ஆனால், கட்டடத்தைத் தருவது வேறு. பாடத்தைத் தருவது வேறு. கட்டடம் தந்தவர் போனாலும் கட்டடம் நிற்கும். பாடம் தந்தவர் போனால் என்ன நிற்கும்?

ஆந்திர நாட்டைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மாநில அரசு பைஜூஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு டேப்லெட் கருவி வாங்கி வழங்கியது. அதனுள் கம்பெனியின் பாடங்கள் இலவசமாக ஏற்றப்பட்டன. இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 2024ஆம் ஆண்டு ஜூலையில் அதே கம்பெனி கடன் தீர்க்க இயலாமல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. ஒரு கம்பெனியின் ஏற்றத் தாழ்வோடு ஏழைப் பிள்ளையின் எட்டாம் வகுப்பைப் பிணைப்பது தகுமா? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாக அல்லவா முடியும்!

அப்படியானால் இயந்திரமே வேண்டாம் என்பதா? அன்று, அன்று! இயந்திரம் யார் கைக்குள் இருக்கிறது என்பதே கேள்வி. அதற்கு நல்ல விடையை நாம் வாழும் இந்தக் கேரளமே காட்டியிருக்கிறது.

2001ஆம் ஆண்டில் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தைக் கேரள அரசு தொடங்கியது. தொடக்கத்தில் கணிப்பொறிப் பாடம் மைக்ரோசாப்ட் கம்பெனியின் மென்பொருளைச் சுற்றியே அமைந்தது. ஒரு கம்பெனியின் சரக்கைப் பழக்குவதா கல்வி என்று ஆசிரியர் சங்கத்தாரும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாரும் குரல் எழுப்பினர். அந்தக் குரல் வென்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பள்ளிகள் லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம் என்ற உரிமையுடையது அது. ஆசிரியர்களே பயின்று, ஆசிரியர்களுக்கே பயிற்றுவித்தார்கள். உரிமக் கட்டணம் இன்மையால் 3,000 கோடி ரூபாய் மிச்சமானதாக இத்திட்டத்தின் வழிவந்த கைட் நிறுவனம் கணக்குச் சொல்கிறது. 2017இல் அமைந்த இந்தக் கைட்டும் சட்டப்படி ஒரு கம்பெனியே; ஆனால், அரசுக்குச் சொந்தமான கம்பெனி. அதனிடம் கணக்குக் கேட்கச் சட்டமன்றம் உண்டு. 2018இல் தொடங்கிய திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்குத் திரையும் கணிப்பொறியும் தந்ததும் இந்நிறுவனமே. முதற் கேள்விக்குக் கேரளம் தந்த விடை இது. அதற்காக நாம் மனமாரப் பாராட்டுவோம்.

ஆனால், இரண்டாவது கேள்விக்கு வரும்போது நமக்கு உறுத்துகிறது. 2020ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், கொள்ளை நோயால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர் ஏறத்தாழ 2,60,000 பேர் என்று கணக்கெடுத்து, அவர்களுக்கு வழிசெய்ய அரசு முனைந்தது. நம் தமிழ்வழிப் பாடங்களோ, கைட்டின் பாலக்காட்டுப் பிரிவின் வாயிலாக யூடியூபில் வெளிவந்தன. தமிழில் பாடம் செய்தார்களே, அதற்கு நன்றி. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சிக்கு மின்சாரமும் இணைப்பும் போதும். யூடியூபுக்குத் திறன்பேசி வேண்டும். இணையக் கட்டணம் வேண்டும். வீட்டில் ஒரே பேசி இருந்து, அதையும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றால், பிள்ளை எதைப் பார்க்கும்? யாரும் வஞ்சம் நினைத்துச் செய்ததன்று. சிறுபான்மை மொழி வரிசையின் கடைசியில் நிற்கிறது; புதிய கருவி வரும்போதெல்லாம் கடைசியிலேயே நிற்கும். நாம் கேட்டாலொழிய அது முன்னே வராது.

கேட்க நமக்கு உரிமை உண்டா? உண்டு. 1956ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்தது. அதே ஆண்டில், அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தால் 350ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அப்பிரிவு. கரும்பலகைக்கு உள்ள நீதி வெண்திரைக்கும் உண்டு.

மூன்றாவது, ஆசிரியர். திரை காட்டும், கற்பிக்காது. முகம் வாடிய பிள்ளையைக் கண்டு, "காலையில் சாப்பிட்டாயா?" என்று திரை கேட்குமா? வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசும் பிள்ளை எந்தச் சொல்லில் இடறுகிறது என்பதை, இரு மொழியும் அறிந்த ஆசிரியரே அறிவார். ஆகவே, திரை வந்துவிட்டது, இனித் தமிழாசிரியர் இடம் காலியாக இருந்தாலும் குறையில்லை என்று யாரேனும் சொன்னால், அதை ஒருபோதும் ஏற்காதீர்கள்.

செய்ய வேண்டியது என்ன? பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திற்குத் தவறாமல் செல்லுங்கள். தாய்மார்கள் முன்வரிசையில் அமருங்கள். எந்தக் கம்பெனி எந்தப் பொருளைக் கொடுத்தாலும், "நன்றி" என்று சொல்லிவிட்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கொடுத்தவர் போன பின்னும் இது பள்ளிக்குப் பயன்படுமா? தமிழில் இயங்குமா? ஆசிரியருக்குத் துணையா, மாற்றா? கேள்வியையும் விடையையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் ஏறிய கேள்வி எளிதில் மறையாது. நம் சங்கமும் ஆண்டுக்கு ஒருநாள் விழா எடுப்பதோடு நின்றுவிடாமல், எந்த வகுப்புக்குத் தமிழ்ப் பாடநூல் வரவில்லை, எந்தப் பாடம் தமிழில் திரைக்கு வரவில்லை என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் பட்டியல் எழுதிக் கல்வி அலுவலரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

கூலி வேலைக்கு வந்த நம் முன்னோர் கையில் மூட்டையோடு வந்தார்கள். மொழியை நாவிலே கொண்டுவந்தார்கள். மூட்டை தீர்ந்துவிட்டது, மொழி தீரவில்லை. அதைப் புதிய கருவிக்குள்ளும் கொண்டு சேர்ப்பது நம் தலைமுறையின் கடமை. அக்கடமையை இச்சங்கம் ஏற்கும் என்ற நம்பிக்கையோடு அமர்கிறேன்.